உமக்குத் தெரியும் ஆண்டவரே

நான் ஜெபிக்க எழுந்தால் லேசில் உட்கார மாட்டேன் என்று எங்கள் சபையில் ஒரு கேலி உண்டு. "பெரியக்கா மைக்க வாங்கியாச்சு, அடுப்புல எதையாவது வெச்சிட்டு வந்தவங்க இப்பவே ஓடிப் போய் அணைச்சிருங்க" என்று போதகரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அப்படிச் சிரித்தவர்கள்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மருமகனுக்கு வேலை போய்விட்டது என்றாலும் முதலில் என்னைத் தேடி வருவார்கள்.

பொதுவாக ஜெபிப்பது எனக்குப் பிடிக்காது. "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று சொல்லிவிட்டு உட்காருவது, மருந்துக் கடைக்குப் போய் "ஏதாவது மாத்திரை குடுங்க" என்று கேட்பது மாதிரி. எந்த வயிறு, எந்தப் பக்கம் வலி, எந்த டாக்டர், அவர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்தான். அதனால்தான் "உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று ஆரம்பித்துவிட்டுப் பிறகு ஒன்று விடாமல் சொல்கிறோம். வாக்குமூலம் எழுதுகிற நீங்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்கிறீர்கள். பரவாயில்லை, வெளியில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒருத்தி தன் மூத்த பையனுக்காக ஜெபித்தால், அவன் எந்தப் பெண்ணை எந்த பைக்கில் ஏற்றிக்கொண்டு எந்தத் தெருவில் சுற்றுகிறான் என்பது ஆமென் சொல்வதற்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். இதை வம்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்னது வேதம். என்ன பாரம் என்றே தெரியாமல் எப்படிச் சுமப்பது?

என்னோடு வேலை பார்த்த பொத்தானுக்காகவும் அப்படித்தான் ஜெபித்தேன். அதற்காகத்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். சபை நடுவில், பட்டப்பகலில், மைக் பிடித்து ஜெபித்த ஒரு பொம்பளையின் மேல் என்ன பிரிவில் வழக்குப் போடுவீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

கொஞ்சம் வலது பக்கமாக வந்து உட்காருங்கள். இடது காதில் எனக்குக் கேட்காது.

பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் துணி வெட்டும் மேஜை என்னுடையது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேல் அடுக்கில் சாக்கட்டியால் கோடு போட்டு, மெஷினால் வெட்டுவேன். மேலே கோடு கோணினால் அடியில் இருக்கிற அத்தனை சட்டையும் கோணிவிடும். அதனால் என் மேஜைப் பக்கம் யாரும் அரட்டைக்கு வர மாட்டார்கள். பொத்தான் மட்டும் வருவாள். அவள் வேலை பொத்தான் தைப்பது. ஆளும் குட்டையாக, வட்ட முகமாக இருப்பாள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். அவளைச் சபைக்குக் கூட்டி வந்தது நான். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை என்பதால் கல்யாணம் பேசி முடித்ததும் நான்.

மாப்பிள்ளை எங்கள் சபையின் கீபோர்டு தம்பி. ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மெதுவாகப் பேசுவான். என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவான். வயதானவர்கள் படி இறங்கினால் ஓடி வந்து கை கொடுப்பான். பாட்டு முடிந்து போதகர் ஜெபிக்கும்போது, அடியில் மெல்லிசாக வாசிப்பான் பாருங்கள், கல் நெஞ்சும் கரையும். இப்படி ஒரு பையனைக் காட்டி வேண்டாம் என்று எந்தப் பெண்ணாவது சொல்லியிருப்பாளா?

கல்யாணமான புதிதில் பொத்தான் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள். ஒரு நாள் வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கி ஊசியைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர் கேட்டதற்குக் கதவில் நசுங்கிவிட்டது என்றாள். கதவு என்று நானும் பல வருடங்கள் சொல்லியிருக்கிறேன், அதனால் உடனே புரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் துணி உருளைகள் அடுக்கியிருக்கும் அறைக்கு அவளைக் கூட்டிப் போய், கதவைச் சாத்திவிட்டு, என் சாட்சியைச் சொன்னேன்.

சாட்சி என்றால் உங்கள் கோர்ட்டு சாட்சி இல்லை. ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததைச் சபை முன் சொல்வது. என் சாட்சியைப் போதகர் வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்ல வைப்பார். என் வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். கை நீட்டுவார். இந்தக் காது அவர் கொடுத்ததுதான். பக்கத்து வீட்டார் சொன்னார்கள், என் அண்ணன் வந்து கூப்பிட்டார், நான் போகவில்லை. வாயால் ஒன்றும் பேசாமல், நடக்கையினாலேயே புருஷனை ஆதாயப்படுத்திக்கொள்ளலாம் என்று மனைவிமாருக்கு எழுதியிருக்கிறது. அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு முழு இளமையையும் ஓட்டினேன். கடைசிக் காலத்தில் அவர் சபைக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். என் கையைப் பிடித்தபடிதான் கண்ணை மூடினார். மகள் மட்டும் அப்பாவின் அடக்கத்துக்கு வரவில்லை. தூரத்தில் இருக்கிறாள், வேலை அதிகம்.

இதைச் சொல்லும்போது பெண்கள் பகுதியில் ஒரு கண்கூடக் காய்ந்திருக்காது. இதைக் கேட்டுவிட்டு, கட்டிய பையைப் பிரித்து வீட்டோடு இருந்துவிட்ட பெண்கள் எங்கள் சபையில் பலர் இருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், அவர்கள் குடும்பம் இன்றைக்கும் நிற்கிறது. எப்படி நிற்கிறது என்று கேட்காதீர்கள். எல்லாக் குடும்பமும் எப்படியோதான் நிற்கிறது.

பொத்தானும் அன்றைக்கு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் அடுத்த முறை அவள் என்னிடம் வரவில்லை. அதுவே எனக்குச் சுருக்கென்றது. நேராகப் போதகரம்மாவிடம் போயிருக்கிறாள், கழுத்தில் விரல் தடத்தோடு. போதகரம்மா எங்கள் போதகரின் மனைவி, படித்தவள், என்னைவிட வயதில் சின்னவள். அவள் யாரையும் கேட்காமல் பொத்தானை நர்சம்மா வீட்டு மாடியில் ஒளித்து வைத்துவிட்டாள். நர்சம்மா ஓய்வு பெற்ற நர்ஸ், தனியாக இருப்பவள், சபைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போதகர் அன்றே தம்பியைக் கீபோர்டிலிருந்து இறக்கிவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பொத்தான்தான் சொல்லச் சொல்லியிருக்கிறாள். "பெரியக்காகிட்ட மட்டும் சொல்லிருங்க, தேடுவாங்க, பாவம்" என்றாளாம். போதகரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அக்கா, இது நர்சம்மா, நீங்க, நான், மூணு பேரோட இருக்கணும். மனுஷர் யாருக்கும் தெரியக் கூடாது."

"மனுஷர் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. என் வாக்கை நான் மீறியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பி மறுநாள் போதகர் வீட்டுக்கு வந்து அழுதான். அப்போது நானும் அங்கே இருந்தேன். "அவ எங்கன்னு உங்களுக்குத் தெரியும், சொல்லிருங்க" என்று கெஞ்சினான். "எங்களுக்குத் தெரியாதுப்பா" என்றாள் போதகரம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவன் போன பிறகு நான் கேட்டேன், இப்படிப் பச்சைப் பொய் சொல்லலாமா என்று. உளவு பார்க்க வந்தவர்களை மாடியில் ஒளித்து வைத்துவிட்டு, தேடி வந்தவர்களிடம் பொய் சொன்ன ஒரு பெண்ணையே வேதம் விசுவாசிகளின் வரிசையில் வைத்திருக்கிறது என்றாள். படித்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. வசனம் நம்மைத் திருத்துவதற்கு இருக்கிறதே தவிர, நமக்கு வேண்டியபடி வளைத்துக்கொள்வதற்கு இல்லை.

ஒரு மதியம் பட்டறை அலமாரியில் கிடந்த அவளுடைய துணிமணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு நர்சம்மா வீட்டுக்குப் போனேன். மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நர்சம்மாவின் பழைய கோட்டுக்குப் பொத்தான் மாற்றிக்கொண்டிருந்தாள். விரல் வீக்கம் வடிந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். எனக்கு என் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் வாய்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

நர்சம்மாவுக்குத் தெரிந்தவர்கள் மூலமாக வேறு ஊரில் ஒரு விடுதியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் கிளம்புகிறாளாம். "அங்க போய் ஒரு தையல் மெஷின் வாங்கிட்டா போதுங்கா, பொழச்சுக்குவேன்" என்றாள். இரண்டு பேர் சேர்ந்து கட்டிய கல்யாணத்தை அவள் தனியாக முறித்துக்கொண்டு போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆண்டவர் இணைத்ததை மனுஷன் பிரிக்கக் கூடாது என்கிறபோது, ஒரு நர்சும் ஒரு போதகரம்மாவும் பிரிக்கலாமா?

அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போன அடிமைப்பெண்ணை வேதத்தில் தூதனே சந்திக்கிறார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார்.

"கேட்டுட்டு என்ன சொன்னாரு? திரும்பிப் போ, அடங்கி இருன்னாரு. அத நான் சொல்லலம்மா, தூதன் சொன்னது" என்றேன்.

பொத்தான் நூலைப் பல்லால் கடித்தாள். "அது முதல் தடவக்கா. ரெண்டாவது தடவ அவ புள்ளையோட வெளிய வந்தப்ப, திரும்பிப் போன்னு யாரும் சொல்லலியே. தண்ணி இருக்கற இடத்தத்தான காட்டினாரு."

அந்த அதிகாரங்களை நான் எத்தனையோ தடவை வாசித்தவள். அப்படி யோசித்ததில்லை. பதில் வராத இடத்தில் நான் எப்போதும் என் சாட்சிக்குப் போய்விடுவேன்.

"சரி, அத விடு. என் வீட்டுக்காரர எடுத்துக்க. அவர விட முரட்டு ஆள நீ பார்த்திருக்க மாட்ட. அவரே மாறலியா?"

அவள் கோட்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். என் கைமேல் கை வைத்து, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"அவரு மாறலக்கா. அவரால கையத் தூக்க முடியாமப் போச்சு. வாதம் வந்து வலது கை விழுந்தப்புறந்தான அவரு சபைக்கு வந்தாரு? நீங்கதான எனக்குச் சொன்னீங்க."

சொன்னது நான்தான். ஆனால் அந்த இரண்டையும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் சொன்னதில்லை.

நான் பையை உதறி மடித்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். கீழே வந்து நர்சம்மாவிடம் சொல்லிக்கொண்டு, தாழ்ப்பாள் சரியாக விழாத பின்கதவு வழியாகக் கிளம்பினேன். இவளுக்கு நான் அம்மா ஸ்தானத்தில் நின்று கல்யாணம் செய்து வைத்தேன். இவள் விரலுக்கு நான் மருந்து போட்டேன். என் வாழ்க்கை முழுவதையும், ஒரு ஊசி நூலை வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரித்துப் போட்டுவிட்டாள். அதோடு என்னைப் பார்த்துப் பரிதாபப்படவும் செய்தாள். எனக்குக் கோபம் வந்தது. பொழுது சாய்ந்த பிறகும் கோபத்தை வைத்திருக்கக் கூடாது என்று வேதம் சொல்கிறது. அதனால் பொழுது சாய்வதற்குள் என்ன செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன்.

அங்கிருந்து நேராகத் தம்பியின் கடைக்குப் போனேன். இதை நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம், நானே சொல்கிறேன். அவன் ஒரு பழைய ஏசியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மேஜை மேல் அவன் போன் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. கீழே விழுந்துவிட்டது என்றான். சுவரில் அது பட்ட தடம் இருந்தது. நான் நம்பினேன். அன்பு எல்லாவற்றையும் நம்பும் என்று எழுதியிருக்கிறது, ஒருவரைச் சந்தேகப்படுவது எனக்கு வராது.

"எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்கம்மா. கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துர்றேன்" என்றான்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன் தம்பி. அத மீற மாட்டேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"பொய் சொல்ல மாட்டேன். தெரியும்."

அவன் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "நான் என்னதாம்மா பண்றது?" என்றான்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வா. பின்னாடி நின்னாக்கூடப் போதும். விண்ணப்ப நேரம் முடியற வரைக்கும் இரு. ஜெபத்துல கேட்டா பதில் கிடைக்கும்."

சபைக்கு வா என்று ஒருவனைக் கூப்பிடுவது குற்றம் என்றால், எங்கள் ஊழியம் மொத்தமும் குற்றம்தான். எல்லோரையும் பிடித்து வந்து இந்தப் பெஞ்சில் உட்கார வையுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் ஏற்கெனவே பத்துப் பேரிடம் கேட்டுவிட்டீர்கள். அவர்கள் சொன்னது சரிதான். பாட்டு முடிந்தது. போதகர் விண்ணப்பங்களைக் கேட்டார். ஒருவர் வீடு விற்காமல் இழுப்பதைச் சொன்னார், ஒருத்தி தன் மகளுடைய பரீட்சையைச் சொன்னாள். பிறகு நான் எழுந்து மைக்கை வாங்கினேன். எனக்கு முன் சொன்னவர்களின் விண்ணப்பங்களை எல்லாம் முதலில் எடுத்து ஆண்டவரிடம் ஒப்படைத்தேன். அந்த மரியாதையை நான் விட்டதில்லை. அதற்கப்புறம் நம் நடுவில் உடைந்து போன ஒரு குடும்பத்துக்காகக் கேட்டேன்.

"உமக்குத் தெரியும் ஆண்டவரே, உம்முடைய மகள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று. பேக்கரிக்குப் பின்னால் இருக்கிற சந்தில், பச்சைக் கேட் போட்ட அந்த வீட்டை நீர் பார்க்கிறீர். அந்த மாடி அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதை நீர் பார்க்கிறீர். நாளைக் காலையில் அவள் கிளம்பிப் போவதற்கு முன்பாக, அவள் வழியைத் திருப்பும் ஆண்டவரே."

ஆமென், ஆமென் என்று வழக்கம்போல நடுநடுவே சத்தம் வந்தது. பாதிப் பேருக்கு என்ன கேட்கிறோம் என்று புரிந்திருக்காது, பழக்கத்தில் சொல்லியிருப்பார்கள். தம்பி கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவோரம் நின்றிருந்தான். ஜன்னல் திண்டில் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவு அடித்துக்கொள்ளாமல் கையால் பிடித்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். ஜெப நேரத்தில் அந்த ஒழுங்கு எத்தனை பேருக்கு இருக்கிறது?

நான் கேட்டது என்ன? அவர்கள் சேர வேண்டும் என்று கேட்டேன். அவன் போய்க் காலில் விழுவான், அவள் மனம் இளகும் என்று விசுவாசித்தேன். நர்சம்மாவின் மணிக்கட்டு உடைந்ததற்கு வருத்தப்படுகிறேன். அவள் குறுக்கே நின்றிருக்க வேண்டியதில்லை. பொத்தானைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்ப அந்தப் புகைப்படங்களை என் முன்னால் தள்ளுகிறீர்கள். மாடிப்படி எத்தனை, அவள் எதைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள், அவன் எதால் அடித்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோதே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. நான் வீட்டில் முழங்காலில் நின்று அவள் ஆத்துமாவுக்காக ஸ்தோத்திரம் செய்தேன். கண்ணீர் இல்லாத இடத்தில் இருக்கிறாள். நல்ல தூக்கம் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அடக்கத்தன்று பெண்கள் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. என் சாட்சியைக் கேட்டுத் தேம்பியவர்கள், நான் வந்ததும் பெஞ்சில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டார்கள். போதகர் இனி நான் மைக் பிடிக்க வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. அவர்களுக்கு நான் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நான் பொய் சொல்லவில்லை, வாக்கை மீறவில்லை, ஒரு மனுஷனிடமும் வாய் திறக்கவில்லை. என்னைக் குற்றவாளி என்கிறவர்கள், நான் எந்த வசனத்தை மீறினேன் என்று எடுத்துக் காட்டட்டும். இன்றுவரை ஒருவரும் காட்டவில்லை. நீங்களும் காட்ட முடியாது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தவளுக்கு, அவன் ஹெல்மெட்டை எடுத்ததும் கதவைப் பிடித்துச் சாத்தியதும் எப்படித் தெரிந்தது என்று. காலையிலிருந்து நீங்கள் கேட்டதில் இது ஒன்றுதான் கேள்வி. உங்களுக்கு மரியாதை கொடுத்துப் பதில் சொல்கிறேன்.

நான் கண்ணை மூடவில்லை.

மைக் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று, சபை முழுவதும் கண் மூடியிருப்பதைப் பார்ப்பது அதுதான் எனக்கு முதல் தடவை. எல்லோரும் குழந்தைகள் மாதிரி இருந்தார்கள். நான் தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கேட் என்றதும் அவன் நிமிர்ந்தான். மாடி அறை என்றதும் தாடை இறுகியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் வீட்டில் அச்சகத்து மை வாசனையோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் முகம் அது. காலில் விழப் போகிறவன் முகம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவன் இன்னும் கிளம்பவில்லை. நர்சம்மா முன்கதவை உள்ளே பூட்டித்தான் வைத்திருப்பாள், எப்படி உள்ளே போவது என்று யோசித்திருக்கலாம்.

அப்போது முதல் வரிசையில் போதகரம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பிப் பின்னால் அவனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்து, வேண்டாம் அக்கா என்று தலையை ஆட்டினாள். இரண்டு கையையும் கூப்பினாள். சபை நடுவில் என் ஜெபத்தை நிறுத்த அவளுக்கு வாய் எழவில்லை. ஜெபிக்கிறவரை இடையில் நிறுத்தும் பழக்கம் எங்களிடம் இல்லை.

நான் அவளைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்ததைக் கேட்டேன். "அந்த வீட்டின் பின்கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை ஆண்டவரே, நீரே அதற்குக் காவலாயிரும்" என்று. அதற்குப் பிறகுதான் அவன் ஹெல்மெட்டை எடுத்தான்.

வாக்குமூலத்தில் ஏன் என்று எழுதும் இடத்தில் வசனம் எதையும் எழுத வேண்டாம். என் வீட்டுக்காரரைப் பற்றிப் பொத்தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.